நாடாவின் சாட்சியம்

நான் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த 1970-களில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வந்து சேர்ந்தது. சில நாட்கள் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்து மகிழ்ந்தோம். பிறகு எங்கள் ஆசிரியர் ஒரு சோதனையைச் செய்யச் சொன்னார். மைக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு டார்ச் பாட்டரியைத் தக்க மின்தடையின் வழியாக இணைக்க வேண்டும். ஒரு நிமிஷம் கழித்து அதை எடுத்துவிட வேண்டும். பின்பு நாடாவைத் திரும்ப ஓட்டி, அளவுமானியின் முள் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சோதனை இவ்வளவுதான்.

பாட்டரி ஒரு நிமிஷம் முழுவதும் ஒரே சீராக மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே முள்ளும் ஒரு நிமிஷம் உயர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. பாட்டரியை இணைத்த கணத்தில் முள் வலப்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளியது; உடனே பூஜ்யத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. நிமிஷம் முடிந்து பாட்டரியை எடுத்த கணத்தில் இடப்பக்கம் ஒரு முறை துள்ளியது. இடையில் ஒன்றுமே இல்லை. பாட்டரி வந்ததையும் போனதையும் நாடா சொல்லிற்று, இருந்ததைச் சொல்லவில்லை!

"நாடா பொய் சொல்கிறதா, அல்லது நீங்கள் அதனிடம் கேட்ட விதம் தவறா? யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் போய்விட்டார். அந்தக் கேள்வியின் முழுக் கனமும் பல ஆண்டுகள் கழித்து, எங்கள் குடும்பத்திலேயே ஒருவருடைய உடல்நிலை பற்றிய பேச்சில்தான் எனக்கு விளங்கியது. அதைச் சொல்லுமுன், காந்த நாடா வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

டென்மார்க் நாட்டு எஞ்சினீயர் வால்டிமார் பௌல்சன் 1898-ல் எஃகுக் கம்பியின் மீது காந்தத்தால் ஒலியைப் பதிவு செய்து காட்டினார். 1928-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ப்ளாய்மர் என்பவர், காகித நாடாவின் மேல் இரும்புத் தூளைப் பூசிக் கம்பிக்குப் பதிலாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். பின்னாளில் பிளாஸ்டிக் நாடாவும் இரும்பு ஆக்ஸைடுப் பூச்சும் வந்தன. ஓடும் நாடாவை ஒரு சிறு மின்காந்தம் தொட்டுக்கொண்டிருக்கிறது. ரிக்கார்டர் பழுது பார்ப்பவர்கள் இதை 'ஹெட்' என்பார்கள். மின்னோட்டம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப, அந்த ஹெட் நாடாவில் உள்ள நுண்துகள்களை வலுவாகவோ மெலிதாகவோ காந்தமாக்குகிறது. திரும்ப ஓட்டும்போது அந்தக் காந்தம் ஹெட்டின் கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது.

இங்கேதான் பாட்டரி மர்மத்தின் விடை இருக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதி என்ன? சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறினால்தான் மின்சாரம் பிறக்கும். மாறாமல் நின்றால் பிறக்காது. வேகமாக மாறினால் மிகுதியாகப் பிறக்கும். மெதுவாக மாறினால் குறைவாகப் பிறக்கும். ரிக்கார்டரின் மின்பெருக்கிகளும் நிலையான மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது உண்டு. அவற்றைத் திருத்தி அமைத்தாலுங்கூட, படிக்கும் ஹெட்டே மாற்றத்தை அன்றி வேறொன்றையும் அறியாது.

சங்கீதத்துக்கு இது ஒரு குறையன்று. மனிதச் செவிக்கு விநாடிக்கு 20 அதிர்வுகளுக்குக் குறைந்தது எதுவும் ஒலியாகக் கேட்பதில்லை. அதற்கு மேற்பட்டவற்றில் தாழ்ந்த சுருதிகள் மெலிந்து வந்தால், அவற்றை மட்டும் பெருக்கிச் சமன் செய்துவிடலாம். ஒலி சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் செவி மன்னித்துவிடும். ஆனால் பாலத்தின் நெளிவையோ, ராக்கெட்டின் வெப்பத்தையோ, நோயாளியின் இதயத் துடிப்பையோ பதிவு செய்யும்போது மன்னிக்கும் செவி இல்லை. அங்கே வேண்டியது அளவு.

இதயத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் என்ற விஞ்ஞானி, நடமாடும் மனிதனின் இதய மின்னலைகளைத் தொலைவிலிருந்து அறிய வேண்டும் என்று முயன்றார். 1947-ல் அவர் அமைத்த ரேடியோக் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. அதன் எடை சுமார் 38 கிலோகிராம். பின்னர் டிரான்ஸிஸ்டரும் சிறிய நாடாப் பெட்டியும் வந்தபின் சுமை குறைந்தது. அவருடைய புதிய முறை 1961-ல் 'சயன்ஸ்' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாயிற்று. இன்றும் அவர் பெயராலேயே அத்தகைய கருவியை 'ஹோல்ட்டர்' என்று ஆஸ்பத்திரிகளில் அழைக்கிறார்கள்.

1980-களின் இறுதியில் என் தாய்மாமனுக்கு மார்பில் ஒரு சங்கடம் தோன்ற, மருத்துவர் அவர் இடுப்பில் அப்படி ஒரு காசெட் பெட்டியைக் கட்டி அனுப்பினார். இருபத்துநான்கு மணி நேரம். ஏறத்தாழ ஒரு லட்சம் இதயத் துடிப்புகள். மறுநாள் வந்த வரைபடத்தில் ஒரு தாழ்ச்சி தெரிந்தது. இ.சி.ஜி. வரைபடத்தில் உயரமான கூரிய அலை ஒன்று உண்டு. அதை அடுத்து, மெல்ல எழும் 'டி' அலை வரும்வரை ஒரு சமதளம் இருக்கும். 'எஸ்-டி' பகுதி என்று அதற்குப் பெயர். அது தன் கோட்டிலிருந்து 0.1 மில்லிவோல்ட், அதாவது வரைபடத் தாளில் 1 மில்லிமீட்டர், தாழ்ந்துவிட்டால், இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்கவில்லையோ என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். மாமாவின் படத்தில் அந்தத் தாழ்ச்சி இருந்தது. வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனோம்.

"என்னப்பா, நீ படித்த படிப்பு என்ன சொல்கிறது? தாழ்ந்தது என் இதயமா, அந்த நாடாவா?" என்று மாமா என்னைக் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அதைவிடச் சரியான கேள்வியை எந்த எஞ்சினீயரும் கேட்டிருக்க முடியாது.

அதற்கு விடை காண வேண்டுமானால், நாடாவில் ஓர் அளவை எழுதுவதற்கு உள்ள மூன்று முறைகளை ஒப்பிட வேண்டும்.

முதலாவது நேரடிப் பதிவு. மின்னழுத்தத்தின் வலிமையைக் காந்தத்தின் வலிமையாகவே எழுதுவது. மருத்துவக் கருவித் துறையில் இதை வீச்சுப் பண்பேற்ற முறை என்று சொல்லிவந்தார்கள்; உண்மையில் இதில் ஊர்தி அலை கிடையாது. காந்தத் துகள்கள் சிறு தூண்டுதலுக்கு மசிவதில்லை, பெருந்தூண்டுதலில் நிறைந்துவிடுகின்றன. எனவே எழுதும் மின்னோட்டத்துடன் மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒரு துணை மின்னோட்டத்தையும் கலந்து, அவற்றைச் செவ்வையாகப் பணிய வைக்கிறார்கள். ஜெர்மானிய வானொலியில் பணியாற்றிய வால்ட்டர் வேபரும் ஃபான் பிரவுன்மூலும் 1940-ல் இதன் பயனைக் கண்டார்கள். நாம் இன்பமாகக் கேட்ட நாடா இசைக்கெல்லாம் அதுவே அடிப்படை.

இம்முறையின் பெருமை சிக்கனம். ஹோல்ட்டர் பெட்டிகளில் நாடா விநாடிக்கு 1 மில்லிமீட்டர் அளவு நகர்ந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86.4 மீட்டர். 90 நிமிடக் காசெட்டில் உள்ள நாடா ஏறத்தாழ 129 மீட்டர். ஆகவே தாராளமாக அடங்கும். சாதாரணக் காசெட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடி, 12,000 அதிர்வுகள் வரை பதிவு செய்கிறது. அப்படியானால் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு. அதே நாடா விநாடிக்கு 1 மில்லிமீட்டர் நகரும்போது 250 அதிர்வுகள் வரை கொள்ளும். இ.சி.ஜி.க்கு 100 அதிர்வுகள் போதும். மேல் எல்லையில் குறையே இல்லை.

குறை கீழ் எல்லையில். 'எஸ்-டி' பகுதி மெல்ல அசைவது. அதைச் செம்மையாகக் காட்ட, விநாடிக்கு 0.05 அதிர்வு வரை, அதாவது 20 விநாடிக்கு ஓர் அலை வரை கருவி உணர வேண்டும் என்பது இதயநோய் மருத்துவத்தின் நியதி. ஃபாரடேயின் விதிப்படி, 10 அதிர்வுகளுக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் 200-ல் ஒரு பங்குதான் 0.05 அதிர்வுக்குக் கிடைக்கும். நாடாவை 60 மடங்கு வேகத்தில் திரும்ப ஓட்டி ஒரு நாள் பதிவை 24 நிமிஷத்தில் படித்தாலும், இந்த விகிதம் மாறாது. அந்த மெல்லிய பங்கை 200 மடங்கு பெருக்கினால் நாடாவின் இரைச்சலும் கூடவே பெருகும். பெருக்காமல் விட்டால் அலையின் உருவம் கெடும்.

எப்படிக் கெடும்? பாட்டரிச் சோதனையை நினைவுகூருங்கள். பாட்டரியை எடுத்தபோது முள் எதிர்ப்பக்கம் துள்ளியதல்லவா? இதயத்தின் உயரமான கூரிய அலை எழுவது பாட்டரியை இணைப்பதைப் போன்றது. அது விழுவது பாட்டரியை எடுப்பதைப் போன்றது. விழுந்த மறுகணமே கோடு தன் நிலைக்குக் கீழே சென்று, மெதுவாக மேலே வருகிறது. அந்தப் பள்ளம் விழும் இடம் எது? 'எஸ்-டி' பகுதியேதான்! இதயத்தில் இல்லாத தாழ்ச்சியை நாடாவே வரைந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வலிமையைச் சமன் செய்தால் மட்டும் போதாது. எல்லா அலைகளும் தத்தம் நேரத்தில் வந்து சேர வேண்டும். நாகஸ்வரமும் தவிலும் தனித்தனியே பிழையின்றி வாசிக்கப்பட்டாலும், ஒன்று மற்றொன்றை ஒரு கணம் முந்தினால் கச்சேரி கெட்டுவிடும். அதுபோல மெதுவான அலைகள் தம் இடத்தைவிட்டு நகர்ந்தாலும் உருவம் மாறிவிடும். வலிமையையும் நேரத்தையும் சேர்த்துத் திருத்திய நேரடிப் பதிவுக் கருவிகள் நம்பத்தக்க படம் தந்தன. திருத்தாதவை மயக்கின. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிதான்.

நேரடிப் பதிவுக்கு மற்றோர் எதிரியும் உண்டு. நாடாவின் பூச்சு எங்கும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஒரு தூசி ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையே புகுந்தாலும் வலிமை குன்றும். அளவை வலிமையில் எழுதியிருப்பதால், நாடாவின் குறை அளவின் குறையாகவே வந்து நிற்கும்.

அப்படியானால் அளவை வலிமையில் எழுதாமல் வேறு எதில் எழுதலாம்? இரண்டாவது முறையின் விடை: காலத்தில் எழுதலாம். இதுதான் அதிர்வெண் பண்பேற்றம். பண்பலை வானொலியை நீங்கள் அறிவீர்கள். இடி மின்னலின்போது மத்திய அலையில் கேட்கும் கடகட ஓசை பண்பலையில் கேட்பதில்லை. அங்கே செய்தி ஊர்தி அலையின் வலிமையில் இல்லை. விநாடிக்கு அது எத்தனை முறை அதிர்கிறது என்பதில் இருக்கிறது. நாடாவிலும் அப்படியே செய்யலாம். பூஜ்ய மின்னழுத்தத்துக்கு ஊர்தி அலை 180 முறை அதிரட்டும், மின்னழுத்தம் கூடினால் அதிர்வும் கூடட்டும், குறைந்தால் குறையட்டும். பாட்டரி ஒரு நிமிஷம் இருந்தால், அந்த நிமிஷம் முழுவதும் ஊர்தி அலை, சொல்லப்போனால், 200 என்ற எண்ணிக்கையிலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். ஹெட்டுக்கு வேண்டிய மாற்றமும் இடைவிடாமல் கிடைக்கிறது. நமக்கு வேண்டிய நிலையான அளவும் கிடைக்கிறது. எவ்வளவு மெதுவான அசைவும், அசைவே இல்லாத நிலையுங்கூட, பதிவாகும். பூச்சின் கனம் சற்று மாறினாலும் கவலை இல்லை. அலை நடுக்கோட்டைக் கடக்கும் கணங்களை எண்ணினால் போதும்.

ஆனால் ஒரு வாசலை அடைத்தால் மற்றொரு வாசல் திறந்துகொள்கிறது. அளவைக் காலத்தில் எழுதினோம். ஆகவே காலத்தைக் கெடுப்பது எதுவோ அது அளவையும் கெடுக்கும். அது நாடாவின் வேகத் தடுமாற்றம். விஞ்ஞான அளவைகளுக்கான கருவிகளில் ஊர்தி அலையை மேலும் கீழும் 40 சதவீதம் வரை மாற்றுவது வழக்கமாக இருந்தது. 4 மில்லிவோல்ட்டுக்கு அந்த 40 சதவீதம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது 1 சதவீதம் என்பது 0.1 மில்லிவோல்ட். நோயாளி மாடிப்படி ஏறும்போது பெட்டி குலுங்கி, நாடாவின் வேகம் ஒரே ஒரு சதவீதம் மாறினால், அதுவே 0.1 மில்லிவோல்ட் அசைவாகத் தோன்றும். மருத்துவர் அஞ்சும் தாழ்ச்சியின் அளவும் அதுவே! வேகம் மெதுவாக மாறினால் கோடு முழுவதும் சேர்ந்து அசையும். அதை அடையாளம் காணலாம். ஒரு துடிப்புக்குள்ளேயே மாறினால் ஏமாற்றிவிடும். நேரடிப் பதிவில் இதே தடுமாற்றம், அலையை நூற்றில் ஒரு பங்கு நீட்டவோ குறுக்கவோ செய்யுமே தவிர, உயரத்தைப் பெரிதாகப் பாதிக்காது.

இதற்கு எஞ்சினீயர்கள் ஓர் அழகான மாற்று வைத்தார்கள். நாடாவின் மற்றொரு தடத்தில், மாறாத அதிர்வெண் ஒன்றைக் கூடவே பதிவு செய்துவிடுவது. திரும்பப் படிக்கும்போது அந்தத் தடத்தில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் அது நாடாவின் குற்றமே. அதைச் செய்தித் தடத்திலிருந்து கழித்துவிடலாம். பொய் சொல்லக் காரணமில்லாத ஒரு சாட்சியைப் பக்கத்தில் நிறுத்திவைப்பது போன்றது இது.

விலை என்ன? இடம். 1960-களின் அளவை நாடாக் கருவிகளில், விநாடிக்கு 60 அங்குல வேகத்தில் நேரடி முறை ஒரு லட்சம் அதிர்வுகள் வரை கொண்டது. அதே வேகத்தில் அதிர்வெண் முறை 54,000 ஊர்தி அலையை வைத்து 10,000 வரையே கொண்டது. பத்தில் ஒரு பங்கு. நம் காசெட்டில் 250 என்ற உச்சத்துக்குள் 40 சதவீத ஏற்றமும் அடங்க வேண்டுமானால் ஊர்தி அலை 180-க்கு மேல் போகக்கூடாது. அதே விகிதப்படி செய்தி 33 அதிர்வுகளோடு நின்றுவிடும். 100 வேண்டுமானால் நாடாவை மூன்று மடங்கு வேகமாக ஓட்ட வேண்டும்; நாளைக்கு 260 மீட்டர் நாடா. காசெட்டும் கொள்ளாது, பாட்டரியும் தாங்காது. ஆகவே இது மெதுவான பகுதியை உண்மையாகவும், கூரிய பகுதியை மழுங்கலாகவும் காட்டும். 1980-களில் இவ்விரு வகைப் பெட்டிகளுமே புழக்கத்தில் இருந்தன. எது மேல் என்று மருத்துவ ஏடுகளில் விவாதமும் நடந்தது.

மூன்றாவது முறை அளவை வலிமையிலும் எழுதுவதில்லை, காலத்திலும் எழுதுவதில்லை, எண்ணாக எழுதுகிறது. 1937-ல் பாரிஸில் பணிபுரிந்த ஆங்கிலேய எஞ்சினீயர் அலெக் ரீவ்ஸின் உள்ளத்தில் உதித்த கருத்து இது. துடிப்புக் குறியீட்டுப் பண்பேற்றம் என்று பெயர். விநாடிக்கு 200 முறை மின்னழுத்தத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கம் கொண்ட இரும எண்ணாக எழுதுகிறோம் என்று கொள்ளுங்கள். எட்டு இலக்கத்தில் 256 படிகள் உண்டு. 8 மில்லிவோல்ட் அகலத்தை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒரு படி சுமார் 0.03 மில்லிவோல்ட். நமக்கு வேண்டிய 0.1-ஐ அறிய அது போதும். நாடாவில் எழுதுவது 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே விடைகள். வலிமை பாதியாகக் குறைந்தாலும் 'உண்டு' என்பது 'உண்டு'தான். வேகம் சற்றுத் தடுமாறினாலும் எண் மாறாது.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் தவறினால் பிழை ஒரு படி. முதல் இலக்கம் தவறினால் பிழை 128 படி! ஒரு தூசி செய்யும் தீங்கு இங்கே மெலிவு அல்ல, தலைகீழ் மாற்றம். ஆகவே கணிப்பொறி நாடாக்களில் எண்களுடன் ஒரு சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்து எழுதினார்கள். மேலும் 'இல்லை' என்பதே நெடுநேரம் தொடர்ந்தால், எத்தனை 'இல்லை' என்று எண்ணுவது எப்படி? ஒவ்வோர் இலக்கத்தின் நடுவிலும் காந்தம் ஒரு முறை திசை மாறியே தீர வேண்டும் என்று ஒரு முறை வகுத்தார்கள். அதனால் நாடாவே தன் கடிகாரத்தையும் சுமந்து சென்றது.

இத்தனை நேர்மைக்கும் விலை மிக அதிகம். 200 அளவு, எட்டு இலக்கம்; விநாடிக்கு 1,600 விடைகள். நம் காசெட் விநாடிக்கு 1 மில்லிமீட்டர்தானே நகர்கிறது? அப்படியானால் ஒரு மில்லிமீட்டரில் 1,600 இலக்கங்களை எழுத வேண்டும். 1960-களின் நடுப்பகுதியில் பெரிய கணிப்பொறி நாடாக்களே, ஒரு தடத்தில் ஓர் அங்குலத்துக்கு 1,600 இலக்கங்கள்தான் எழுதின. நம் தேவை அதைப்போல் 25 மடங்கு. அதனால்தான் மிகத் துல்லியமான முறை எது என்று தெரிந்திருந்தும், மாமாவின் இடுப்புப் பெட்டியில் அதை வைக்க முடியவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. குறையற்ற நாடா கிடையாது. பூச்சு மாறும், வேகம் தடுமாறும், இடம் போதாது. நம் அளவை எந்தக் குறையின் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்க முடியும். விரைந்த அதிர்வுகள் வேண்டும், சிறிது உயரப் பிழை பொறுக்கலாம் என்றால் நேரடி முறை. மெதுவான, நிலையான அளவு வேண்டும், வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்றால் அதிர்வெண் முறை. பிழையே பொறுக்க முடியாது, இடமும் நாடாவும் தாராளம் என்றால் எண் முறை.

மாமாவின் கதைக்கு வருகிறேன். அவரைப் பார்த்த மருத்துவர் நிதானமானவர். தாழ்ச்சியைக் கண்டதும் முடிவு சொல்லிவிடவில்லை. பதிவின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கே இருந்த ஒரு சிறு சதுர அலையை எனக்குக் காட்டினார். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் சரியாக 1 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் கொடுத்து நிறுத்துவார்கள். அது தட்டையான மேடையாக விழ வேண்டும். மாமாவின் நாடாவில் அந்த மேடை சரிந்திருந்தது; முடிந்த இடத்தில் கோடு கீழே பள்ளம் விழுந்து எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாட்டரிதான் அங்கே மறுபடியும் வந்து நின்றது! பிறகு மாமாவை நடக்கவைத்து, நாடாவின் துணையின்றி நேரே காகிதத்தில் இ.சி.ஜி. எடுத்தார்கள். தாழ்ச்சி இல்லை.

பின்னாளில் ஹோல்ட்டர் பெட்டியிலிருந்து நாடா போய், நினைவகச் சில்லு வந்துவிட்டது. விநாடிக்கு 1,600 இலக்கங்கள் ஒரு நாளைக்குச் சேர்ந்து சுமார் 1 கோடியே 73 லட்சம் பைட்டுகள். விரல்நகம் அளவுள்ள சில்லுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மாணவர்களே, எண்ணாக மாற்றுவதற்கு முன்னால் வடிகட்டிகள் இன்றும் இருக்கின்றன. மெதுவான அசைவை வெட்டிவிடும் வடிகட்டி ஒன்றைக் கவனியாமல் விட்டால், இல்லாத பள்ளத்தை இன்றைய கருவியும் வரையும்.

எனவே எந்தக் கருவி உங்கள் கைக்கு வந்தாலும், தெரியாத ஒன்றை அதனிடம் கேட்பதற்கு முன் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். எங்கள் ஆசிரியர் ஒரு டார்ச் பாட்டரியால் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதை நாங்கள் ஒரு விளையாட்டு என்று நினைத்திருந்தோம்.